இஞ்சாரும்

என் கணவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கலியாணம் கட்டி நான் டென்மார்க்குக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து அவருக்கு நான் "இஞ்சாரும்"தான். இங்கே பாரும் என்பது யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், எங்கள் பக்கத்து வாய்களில் தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது. கடுதாசியில் எழுதிப் பார்த்தால் அதில் ஒன்றுமேயில்லை. அவர் வாயில் வரும்போது கேட்கவேண்டும். குசினிக் கதவடியில் நின்று மெல்லச் சொன்னால் தேத்தண்ணி வேணும் என்று அர்த்தம். "இஞ்சாருமப்பா" என்று இழுத்தால் கார்த் திறப்பைக் காணவில்லை, அதை நான்தான் எங்கேயோ எடுத்து வைத்துவிட்டேன். மற்றவர்களுக்குக் கேட்காத சின்னக் குரலில் சொன்னால், வந்திருக்கிற விருந்தாளி எப்போது எழும்புவார் என்று கேட்கிறார். நான் அவரை "இஞ்சாருங்கோ" என்பேன். இதை வைத்தே ஒரு குடும்பம் நடத்தினோம், பிள்ளை வளர்த்தோம், வீடு வாங்கினோம், சண்டையும் பிடித்தோம்.

பாரிசவாதம் வந்து அவருடைய பேச்சை அள்ளிக்கொண்டு போனபோது, நடப்பாரா, கை வருமா, இனிக் கார் ஓட்டுவாரா என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். அதெல்லாம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். எனக்கு அந்த ஒரு சத்தம் திரும்பி வேண்டியிருந்தது. பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்ததும் அதற்காகத்தான். வெளியில் யாருக்கும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் விசர்க்கதை என்று நினைப்பார்கள்.

நாங்கள் இருப்பது டென்மார்க்கின் தெற்கு மூலையில், ஜேர்மன் எல்லைக்குக் கிட்ட, ஒரு கிராமத்தில். ஒரு கோயில், அதாவது சேர்ச், ஒரு கடை, பன்றிப் பண்ணைகள், காற்று. அகதியாக வந்தவரை அரசாங்கம் முதலில் கொண்டுவந்து விட்ட இடம் இது. அவருடன் வந்த தமிழர்கள் எல்லோரும் தையல் ஆலை வேலைக்கு இக்காஸ்ட் பக்கமோ, கொப்பன்ஹேகனுக்குக் கிட்டச் சொந்தக்காரர்கள் இருக்கும் டோஸ்ட்ருப்புக்கோ போய்விட்டார்கள். இவர் மட்டும் அசையவில்லை. யன்னல் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

"இஞ்சத்தைச் சனம் எங்கட தீவுச் சனம் மாதிரித்தான் கதைக்குது. சொல்லில பாதியை வாய்க்குள்ளயே வச்சுக்கொண்டு மிச்சத்தை விடுதுகள்."

அது உண்மைதான். இந்தப் பக்கத்து டேனிஷ் வேறு. வரும்போதும் "மொய்ன்", போகும்போதும் "மொய்ன்". சொல்லின் வாலை விழுங்கிவிடுவார்கள். நான் நகரத்து மொழிப் பள்ளிக்கூடத்தில் படித்த டேனிஷோடு கடைக்குப் போனால் ஒன்றும் விளங்காது. அவர் பக்கத்தில் நின்று டேனிஷிலிருந்து டேனிஷுக்கு மொழிபெயர்த்துத் தருவார். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். ஆனால் கொப்பன்ஹேகன் பக்கம் போனால் கதை மாறிவிடும். டோஸ்ட்ருப்பில் ஒரு கலியாண வீட்டில், டேனிஷ் விருந்தாளி ஒருவருக்கு இவர் கை கொடுத்து "மொய்ன்" என்று சொல்லிக் கதைக்கத் தொடங்க, எங்கள் சொந்தத்துப் பெடியள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு அக்கா என்னிடமே வந்து, "உங்கட அவர் உதென்ன பட்டிக்காட்டு டேனிஷ் கதைக்கிறார்?" என்றா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உங்கட அவர் எந்த டேனிஷும் கதைக்கிறேல்லைத்தானே அக்கா" என்று சொல்லிவிட்டு வடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் படிக்கப் போனபோதும் எங்கள் தீவு இழுவையைக் கேட்டு இப்படித்தான் சிரித்தார்கள். எனக்கு அது பழக்கம்.

மகள் டோஸ்ட்ருப்பில்தான் இருக்கிறாள். அலுவலக வேலை. நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள், அதுவும் இப்போது நல்ல கொப்பன்ஹேகன் டேனிஷ். தகப்பனோடு கதைக்கும்போது மட்டும் தெற்கத்திப் பேச்சு அவளுக்குத் தானாக வந்துவிடும்.

அன்று ஒரு சனிக்கிழமை காலை. நான் சம்பலுக்கு மிக்சியில் தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் அடித்துக்கொண்டிருந்தேன். நிறுத்திவிட்டுத் திரும்பினால் அவர் சாப்பாட்டறைக் கதிரையிலிருந்து சரிந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் போயிருந்தது. அம்புலன்ஸ் வந்தது, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள், உயிரைப் பிடித்துத் தந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்குள் ஒரு கேள்வி அன்றிலிருந்து கிடக்கிறது. விழுமுன் அவர் என்னைக் கூப்பிட்டிருப்பாரா? மிக்சிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கூப்பிட்டிருந்தால் அது எப்படி வந்திருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்ப்பேன்.

கால் மெல்ல மெல்ல வந்தது. பேச்சுத்தான் வரவில்லை. நகரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். கொப்பன்ஹேகன் பக்கத்துப் பிள்ளை, மகளின் வயது இருக்கும். பொறுமை என்றால் அப்படிப் பொறுமை. மூளையில் அடிபட்டவர்களுக்கு யோசிக்காமல் வாயில் வருகிற சொற்கள்தான் முதலில் திரும்பும், வணக்கம் சொல்வது, திட்டுவது, எண்ணுவது, இந்த மாதிரி என்று அவள் எனக்கு விளக்கினாள். அப்படியே நடந்தது. ஒருநாள் நாங்கள் வெளிக்கிடும்போது, அவள் தன் பாணியில் போய்வாருங்கள் என்று சொல்ல, இவர் வாயைக் கோணி, முழுப் பலத்தையும் சேர்த்து, "மொய்ன்" என்றார்.

அந்தப் பிள்ளைக்கு முதலில் விளங்கவில்லை. விறாந்தையில் நின்ற உள்ளூர்த் தாதி ஓடிவந்து கை தட்டினா. எனக்கும் சந்தோசம்தான். இல்லையென்று சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்தும் "மொய்ன்", சோற்றைப் பார்த்தும் "மொய்ன்", தொலைபேசியில் மகளுக்கும் "மொய்ன்". அடுத்ததாக வந்தது எங்கள் ஊர்த் திட்டு, "கோதாரி". சப்பாத்து நாடா கட்ட முடியாமல் ஒருநாள் அதைத் தெளிவாகச் சொன்னார். மகளுக்குச் சொன்னேன், சிரித்துச் சிரித்து அழுதாள். மொய்ன் வந்துவிட்டது, கோதாரி வந்துவிட்டது, இனி மற்றதும் பின்னால் வரும் என்று எனக்கு நம்பிக்கை பிறந்தது. யோசிக்காமல் வாயில் வருகிற சொல் என்றால் அவருக்கு அதைவிட வேறு என்ன இருக்கிறது?

அந்தப் பிள்ளை படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பழக்குவாள். கோப்பை, கதிரை, நாய். ஒருநாள் அட்டையை வைத்துவிட்டு என்னைக் காட்டி, "இது யார்?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. அவள் என் பெயரின் முதல் எழுத்தைச் சொல்லித் தூண்டினாள். அவர் ஏதோ பிழை செய்துவிட்டவர் மாதிரிக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவர் அப்பிடிச் சொல்லுறேல்லை" என்று டேனிஷில் சொன்னேன்.

"பிறகு உங்களை எப்படிக் கூப்பிடுவார்?"

எப்படி விளங்கப்படுத்துவது? இங்கே பார் என்பது மாதிரி ஒன்று என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. இங்கே பார் என்றா கூப்பிடுவார், பெயரே சொல்லமாட்டாரா, உங்களுக்கு அது பரவாயில்லையா என்று மிக மெதுவாக, என் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். கண்டறியாத கேள்வி! இந்த மனுசனா என்னை அடக்கி வைத்திருந்தார்? என் டேனிஷில் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. சொல்லச் சொல்ல அவள் இன்னும் பாவப்பட்டுத் தலையாட்டினாள். கடைசியில், அது எங்களுக்குள் ஒரு செல்லப்பெயர் மாதிரி என்று சொல்லி விட்டுவிட்டேன். அது செல்லப்பெயரும் இல்லை.

ஆனால் அவள் நல்ல பிள்ளை. அந்தச் சொல்லையே ஒரு அட்டையில் டேனிஷ் எழுத்தில் எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். மேலே ஒரு படம் ஒட்டவேண்டும், என்ன படம் என்று கேட்டாள். அதற்கு எந்தப் படத்தைப் போடுவது? அவள் அட்டையைப் பிடித்துக்கொண்டு தானே அதைச் சொல்லிக் காட்டினாள். அவள் நாக்கில் அது பட்ட பாட்டைக் கேட்டு இவர் சிரித்தார். நோய் வந்த பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான். சிரித்தாரே தவிர, சொல்லவில்லை. பெயர்தான் மூளைக்குச் சுலபம், அதிலிருந்து தொடங்குவோம் என்றாள் அவள். நான் ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு காலைச் சாப்பாடு முடிந்ததும் மேசையில் இருந்து பழகுவோம். என் படம் ஒன்று, கீழே பெரிய எழுத்தில் என் பெயர். என் படத்தை நானே விரலால் தொட்டு, என் பெயரை நானே சொல்லி, சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று என் புருசனைக் கெஞ்சினேன். வெட்கமாக இருக்கும். இடையிடையே, கள்ளத்தனமாக, அந்தப் பழைய சொல்லையும் சொல்லிப் பார்ப்பேன். "இஞ்சாரும். எங்க, சொல்லுங்கோ. இஞ்...சா...ரும்." அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நாக்கை எடுப்பார், பல்லில் வைப்பார், அந்தரப்படுவார். கடைசியில் "மொய்ன்" என்பார். சரி, அந்தரப்படாதேயுங்கோ, பேந்து பாப்பம் என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன்.

மகளிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். "அம்மா, அப்பா உங்களை எப்படிக் கூப்பிட்டால் என்ன, கூப்பிட்டால் போதாதா?" என்று டேனிஷில் கேட்டாள். அதில் பிழை ஒன்றுமில்லை. அவளை அவள் துணைவன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான், அவர்கள் சந்தோசமாகத்தான் இருக்கிறார்கள். நான் தொலைபேசியை வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

பெயர் ஒருநாள் வந்தது. பயிற்சி அறையில்தான். அந்தப் பிள்ளை என்னைக் காட்டிக் கேட்க, இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, என் பெயரைச் சொன்னார். முழுதாக, தெளிவாக. அவள் துள்ளி எழுந்தாள். அவள் கண்ணில் தண்ணீர். அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே அவர் சொல்லியிருந்தார், டேனிஷ் மாதிரி முன் எழுத்தை அழுத்தி, கடைசியைக் குறுக்கி. பல் வைத்தியரிடம் காத்திருக்கும்போது, அடுத்தது நீங்கள் என்று கதவைத் திறந்து கூப்பிடுவார்களே, அப்படி. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோசத்தில் அழுகிறேன் என்று அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, பரீட்சையில் வென்ற பிள்ளை மாதிரி, திரும்பவும் என் பெயரைச் சொன்னார்.

அன்றிலிருந்து வீடு முழுக்க என் பெயர்தான். அதோடு வேறு சொற்களும் வரத் தொடங்கின. ஓம், இல்லை, கோப்பி, குளிர், மகளின் பெயர். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். இக்காஸ்டிலிருந்து வந்த இரண்டு பெண்கள், "அண்ணை இப்ப புது மாப்பிள்ளை மாதிரிப் பேர் சொல்லிக் கூப்பிடுறார், கேட்டியளே?" என்று என்னைச் சீண்டினார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. இந்த மனுசன் கஷ்டப்பட்டு, நாக்கை உருட்டி, எனக்காக ஒரு சொல்லைத் தேடி எடுத்திருக்கிறார். அதை நான் வேண்டாம் என்கிறேனா? வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு என் புருசனைத் தேடியது. அவர் எனக்கு முன்னால் கதிரையில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தேடியது.

பக்கத்து வீட்டில் கோழி வளர்க்கும் ஒரு டேனிஷ் பெண் இருக்கிறா. கணவர் இறந்துவிட்டார். இந்தப் பக்கத்து ஆட்கள் எதையும் அள்ளிப் புகழமாட்டார்கள். நான் மீன் வைத்துப் பொரித்துக் கொடுத்த பற்றிஸை ஒரு தட்டு முழுதாகத் தின்றுவிட்டு, "அவ்வளவு மோசமில்லை" என்றா. அதுதான் இங்கே பெரிய பாராட்டு. வேலியடியில் நின்று, அவர் எப்படி இருக்கிறார் என்று ஒருநாள் கேட்டா. கதைக்கிறார், என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அவ்வளவு மோசமில்லை என்று நானும் அவ மாதிரியே சொன்னேன். அவ கோழித்தீன் வாளியைக் கீழே வைத்தா.

"என் கணவர் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார்" என்றா. "பிள்ளைகள் பிறந்த பிறகு அப்படித்தான். பெயர் சொன்னால் ஏதோ கோபம் என்று அர்த்தம். இப்போது பாதிரியார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், டாக்டர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நல்ல மனிதர்கள்தான்."

அவ்வளவுதான். ஒரு முட்டைப் பெட்டியை வேலிக்கு மேலால் தந்துவிட்டுப் போய்விட்டா. வீட்டுக்குள் வந்து நான் வாய்விட்டு அழுதேன்.

இந்த வசந்தத்தில்தான் அது நடந்தது. கோதாரி விழுந்த குளிர் ஒருவழியாகப் போய், நல்ல வெயில் எறித்தது. மத்தியானம் கொட்டிலுக்குப் பின்னால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். குசினி யன்னல் திறந்திருந்தது. அவர் உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஓம், வாறன் என்று வாய் வரைக்கும் வந்தது. நான் சொல்லவில்லை. முந்தி இப்படி இரண்டு தரம் கூப்பிட்டு நான் பேசாமல் நின்றால் அவருக்குக் கோபம் வரும். "இஞ்சாரும், காது கேக்கேல்லையோ?" என்று ஒரு சத்தம் போடுவார். கோபத்தில் வருகிற சொல்லும் யோசிக்காமல் வருகிற சொல்தானே. அவருக்குள்ளே எங்கேயாவது அது கிடந்தால் இப்போது வரட்டும் என்று, ஈரச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் திரும்பவும் பெயரைச் சொன்னார். கொஞ்சம் பலமாக. பிறகு இன்னும் பலமாக. பிறகு சத்தம் இல்லை. வரப்போகிறது, வரப்போகிறது என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் முற்றத்தில் இறங்கிவிட்டார். ஊன்றி நடக்கிற பொல்லு கையில் இல்லை. வீட்டுச் செருப்போடு, ஒரு காலை இழுத்து இழுத்து, வீட்டுக்கு முன்னால் தெருப்பக்கம் போகிறார். என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே போகிறார். அந்தக் குரல் பல் வைத்தியரின் கதவடிக் குரல் இல்லை. உடைந்த குரல். நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்தாரோ, விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று நினைத்தாரோ, தெரியாது. பயந்த மனுசன் ஒருவர் தன் பெண்சாதியைத் தேடிக்கொண்டு போகிற குரல்.

ஐயோ, என்ன வேலை பார்த்தேன்! சட்டையை எறிந்துவிட்டு ஓடினேன்.

"இஞ்சாருங்கோ! இஞ்ச, இஞ்ச நிக்கிறன்!"

அவர் திரும்பவில்லை. நோய் வந்த பிறகு நான் எட்ட நின்று அவரைக் கூப்பிட்டதில்லை. கிட்டப் போய்க் கையைத் தொட்டு, முகத்தைப் பார்த்துத்தான் கதைக்கவேண்டும் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தாள். அதனால் இதை நான் அறியாமலே இருந்திருக்கிறேன்.

"இஞ்சாருங்கோ!" கிராமம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன். பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறின. தெருவில் ஒரு டிராக்டர் வருகிற இரைச்சல் கேட்டது. அவர் காதில் என் சத்தம் விழுந்தது எனக்குத் தெரிந்தது, தோள் ஒருமுறை அசைந்தது. ஆனால் அது தன்னைக் கூப்பிடுகிற சத்தம் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சொல் அவர் வாயிலிருந்து போனது மட்டுமல்ல, காதிலிருந்தும் போய்விட்டது. அது இனி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

நான் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

கலியாணத்துக்குப் பிறகு, அவருக்குக் கேட்க, அது என் வாயால் வந்ததேயில்லை. எனக்கே யாரோ கத்துகிற மாதிரி இருந்தது. அவர் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெல்லத் திரும்பினார். முகம் முழுக்கக் கண்ணீர்.

"ஓம்" என்றார்.